தாளுக்கு வெளியே நின்ற பெயர்

அனுப்புநர்
முதுநிலை வரைபட வடிவமைப்பாளர்,
வரைபடப் பிரிவு, இரண்டாம் தளம்,
நகர நிர்வாக அலுவலகம்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
அவசர உதவிப் பணிகள் துறை,
நகர நிர்வாக அலுவலகம்.

(இம்மனு பிரிவுத் தலைவர் வழியாக அனுப்பப்படவில்லை. காரணம் பத்தி 11-இல் உள்ளது.)

பொருள்: ஆறாம் நிலைய ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மீதான துறை விசாரணை – நகர வரைபடம், தாள் எண் 12 – வரைபட மென்பொருளிலிருந்து வடிவமைப்பு மென்பொருளுக்குப் பெயர்களைக் கொண்டுவரும்போது என்னால் நேர்ந்த பிழை – ஓட்டுநரை விடுவித்து என்மீது விசாரணை தொடங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. பழைய சுண்ணாம்புக் கிடங்குச் சந்து, வீட்டு எண் 9-இல் வசிக்கும் பெண்மணியின் புகார், சென்ற மாதம் 5ஆம் தேதி.
2. விசாரணை அலுவலரின் அறிக்கை, சென்ற மாதம் 11ஆம் தேதி.
3. தற்காலிகப் பணிநீக்க ஆணை, சென்ற மாதம் 12ஆம் தேதி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வரும் 10ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு மேற்படி ஓட்டுநர் மீதான இறுதி விசாரணை தங்கள் முன் நடக்க இருக்கிறது. அவரை வேலையிலிருந்து நிரந்தரமாக நீக்குவதென்று முடிவாகிவிட்டது, தங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று அலுவலகத்தில் பேச்சு. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் இம்மனுவைத் தாங்கள் ஒருமுறை முழுவதும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மேசைக்கு வழக்கமாக வரும் புகார் மனு அல்ல இது. புகார் என்மீது. கொடுப்பவளும் நான்.

2. நான் இந்த அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகளாக வரைபடம் செய்கிறேன். ஓட்டுநருக்கும் எனக்கும் உறவு கிடையாது, பழக்கமும் கிடையாது. அவரை ஒரே ஒரு முறை, படிக்கட்டில், விசாரணைக்கு வந்துவிட்டுக் கையில் தொப்பியோடு இறங்கிப் போனபோது பார்த்திருக்கிறேன். இம்மனுவை எழுதச் சொல்லி என்னிடம் யாரும் வரவில்லை. வந்தவர்கள் எழுத வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தார்கள்.

3. நடந்தது தங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் பிழை எந்த இடத்தில் நுழைகிறது என்று காட்ட மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் 3ஆம் தேதி பகல் 2.40-க்குக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓர் அழைப்பு வந்தது. தையல் இயந்திரம் பழுதுபார்ப்பவர் ஒருவர், வயது ஐம்பத்திரண்டு, வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அழைத்தவர் அவருடைய மனைவி. முகவரி, பழைய சுண்ணாம்புக் கிடங்குச் சந்து. கட்டுப்பாட்டு அறையினர் நம் வரைபடத்தின் பெயர் அட்டவணையைப் பார்த்து, தாள் 12, கட்டம் ஈ-7 என்று ஆறாம் நிலையத்துக்குத் தெரிவித்தார்கள். ஓட்டுநர் மூன்று நாள் முன்புதான் வேறு பகுதியிலிருந்து அந்த நிலையத்துக்கு மாற்றலாகி வந்தவர். சுவரில் மாட்டியிருந்த தாள் 12-ஐப் பார்த்தார்.

அந்தக் கட்டத்தில் மூன்று சந்துகள் இருக்கின்றன. இரண்டுக்குப் பெயர் அச்சாகியிருக்கிறது. மூன்றாவதற்குப் பெயரே இல்லை. அதன் முனையில் "நீரேற்று நிலையம்" என்ற எழுத்துகள் குறுக்கே கிடப்பதால், அது தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் தனிப்பாதை என்றுதான் எவருக்கும் தோன்றும். அவர் மற்ற இரண்டு சந்துகளிலும் நுழைந்து திரும்பினார். வழியில் விசாரித்தார். அக்கம்பக்கத்தார் அதை மூணாம் சந்து என்றுதான் சொல்வார்கள். கிடங்கு இடிந்து அரை நூற்றாண்டு ஆகிறது, சுண்ணாம்பைக் கண்டவர்கள் யாரும் அங்கே இல்லை. கைப்பேசியில் அந்தப் பெயரைத் தட்டினால் ஊரின் மறுகோடியில் இருக்கும் சுண்ணாம்புக் கிடங்குத் தெருவைக் காட்டும். அப்படி முன்பு ஒருமுறை குழப்பம் நேர்ந்ததால்தான் நம் அலுவலக வரைபடத்தையே பின்பற்ற வேண்டும் என்று தங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. அவர் சுற்றறிக்கைப்படி நடந்தார். கடைசியில் ஒரு தபால்காரர் கைகாட்ட, 3.19-க்குப் போய்ச் சேர்ந்தார். நிலையத்திலிருந்து அந்த வீடு பன்னிரண்டு நிமிடத் தொலைவு. இருபத்தேழு நிமிடம் வீணானது. மருத்துவமனை வாசலில் வண்டி நின்றபோது அந்த மனிதருக்கு உயிர் இல்லை.

4. ஓட்டுநர் மீது இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, பெயர் அட்டவணையிலும் வரைபடக் கோப்பிலும் தெளிவாக உள்ள பெயரைக் கவனிக்காமல் அலட்சியமாகத் தாமதித்தது. இரண்டு, மறுநாள் நிலையத்துச் சுவரில் இருந்த தாளில் பேனாவால் எழுதி அரசுச் சொத்தைச் சிதைத்தது. முதல் குற்றச்சாட்டில் "வரைபடக் கோப்பிலும்" என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா, அது என் வாயிலிருந்து போனது. அதைத் திரும்பப் பெறவே இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

5. என் வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் பிழை புரியும். பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு வரைபடம் இரண்டு மென்பொருள்களைக் கடந்து தாளுக்கு வருகிறது. முதலாவது வரைபட மென்பொருள். அதில் ஒரு தெருவின் பெயர் அந்தத் தெருவோடு ஒட்டிப் பிறந்தது. தெருவை நகர்த்தினால் பெயரும் நகரும். ஆனால் எந்தப் பெயரைக் காட்டுவது, எதை விடுவது என்று அந்த மென்பொருள் தானே தீர்மானித்துக்கொள்ளும். இரண்டு பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சிறிய இடத்தின் பெயரை மறைத்துவிடும். சொல்லாமல் கொள்ளாமல் மறைத்துவிடும். இடம் இருந்தால் காட்டும், இல்லாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த நியாயம். அச்சுக்கு இது போதாது. எழுத்தின் அளவு, தடிமன், வளைவு எல்லாவற்றையும் கையால் சரிசெய்ய, பெயர்களை இரண்டாவது மென்பொருளுக்கு, அதாவது புத்தகமும் சுவரொட்டியும் செய்கிற வடிவமைப்பு மென்பொருளுக்குக் கொண்டுவருகிறோம். அங்கே வந்த கணமே பெயருக்கும் தெருவுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. அதன்பின் அது வெறும் எழுத்து. எங்கே வைத்தாலும் இருக்கும், வைக்காவிட்டாலும் கேட்காது.

6. வரைபட மென்பொருள் மறைத்துவிடும் பெயர்கள் தானாக இந்தப் பக்கம் வராது. அவற்றை விட்டுவிடக் கூடாது என்று எங்கள் பிரிவில் நாங்களே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மறைந்த பெயர்களைத் தனியே எடுத்து, வடிவமைப்பு மென்பொருளில் தாளின் இடது ஓரத்துக்கு வெளியே, வெள்ளையாகக் கிடக்கும் காலியிடத்தில், சிவப்பு எழுத்தில் வரிசையாக நிறுத்திவிடுவோம். பிறகு ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து, பக்கத்துப் பெயரைக் கொஞ்சம் தள்ளி இடம் பண்ணி, உட்காரவைத்து, கறுப்பாக்குவோம். சிவப்பு என்றால் இன்னும் இடம் கிடைக்கவில்லை. கறுப்பு என்றால் வேலை முடிந்தது. தாளுக்கு வெளியே நிற்பது திரையில் தெரியும், அச்சில் வராது. எங்கள் பிரிவுத் தலைவர் தினமும் காலையில் உள்ளே வரும்போதே, "இன்னிக்கு வாசல்ல எத்தனை பேரும்மா?" என்று கேட்பார். நாற்பது சார், இருபது சார் என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்வேன். இப்போது அந்தக் கேள்வியை அவரும் கேட்பதில்லை.

7. தாள் 12-இல் அறுபத்துநான்கு பெயர்கள் வாசலில் நின்றன. அறுபத்துமூன்றை உள்ளே கொண்டுவந்தேன். கடைசியாக நின்றது பழைய சுண்ணாம்புக் கிடங்குச் சந்து. அந்தச் சந்தின் மொத்த நீளம் தாளில் என் சுண்டுவிரல் நகம் அளவு. பெயர் அதைப்போல மூன்று மடங்கு. ஒரே வரியில் வைத்தால் நீரேற்று நிலையத்தின் மேல் ஏறிவிடும். எனவே வெளியே நின்ற நிலையிலேயே அதை இரண்டு வரியாக உடைத்தேன், எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினேன். இனி அதைச் சந்தின் எந்தப் பக்கம் வைப்பது? வீடுகள் இருக்கும் பக்கம் வைக்க வேண்டும். அது எனக்குத் தெரியவில்லை. கள அளவையாளருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். பதில் வரும் வரை சும்மா இருக்காமல், எழுத்து வேலைதான் முடிந்துவிட்டதே என்று அதைக் கறுப்பாக்கிவிட்டேன்.

ஐயா, பிழை இதுதான். இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. இடத்தில் வைப்பதற்கு முன்பே கறுப்பாக்கினேன். அளவையாளர் மறுநாளே பதில் அனுப்பினார்: "கிழக்குப் பக்கம், இருபத்துமூன்று வீடு." செய்தியைப் பார்த்தேன். பெயர் கறுப்பாக இருந்தது. கறுப்பாக இருந்தால் வைத்தாகிவிட்டது என்றுதானே அர்த்தம் என்று, பதினான்கு வருடப் பழக்கத்தில், மூடிவிட்டுப் போனேன். அன்று காலை வாசலில் எத்தனை பேர் என்று கேட்டபோது, யாரும் இல்லை சார் என்றேன்.

8. பிழை நடந்தாலும் பிடிபட மூன்று சோதனைகள் இருக்கின்றன. மூன்றிலும் அது தப்பியது. முதல் சோதனை, சிவப்பு எழுத்து பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லை. இரண்டாவது, பெயர்ப் பட்டியலையும் கோப்பில் உள்ள எழுத்துகளையும் கணினியே ஒப்பிடுவது. கோப்பில் அந்தப் பெயர் இருந்தது. தாளுக்கு உள்ளேயா வெளியேயா என்று கணினி பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லி நாங்களும் கேட்டதில்லை. மூன்றாவது, அச்சான முதல் தாளைக் கண்ணால் பார்ப்பது. அதில் நாங்கள் தேடியது வேறு. மென்பொருள் மாறும்போது தமிழ் எழுத்துகள் சிதறிப்போகும். கொம்பு ஓரிடத்தில் நிற்கும், எழுத்து ஓரிடத்தில் நிற்கும், கால் தனியே நடந்து போகும். அவற்றைத் தேடித் தேடியே கண் பூத்துவிடும். அச்சில் இருக்கும் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லாத பெயரை எவரும் தேடவில்லை. பெயர் அட்டவணையோ வரைபட மென்பொருளிலிருந்து நேரே எடுத்தது, எனவே அதில் அந்தச் சந்து ஒழுங்காக இடம்பெற்றுவிட்டது. அட்டவணை ஈ-7 என்றது. ஈ-7-இல் ஒன்றும் இல்லை.

9. சென்ற மாதம் 9ஆம் தேதி விசாரணை அலுவலர் எங்கள் பிரிவுக்கு வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பெயர் வரைபடத்தில் இருக்கிறதா? நான் கோப்பைத் திறந்து பெயரைத் தட்டித் தேடினேன். ஒன்று கிடைத்தது என்று கணினி சொல்லி, திரையை நேரே அந்தப் பெயருக்குக் கொண்டுபோனது. வெள்ளைப் பின்னணியில், பெரிய எழுத்தில், இரண்டு வரியில் பெயர் நின்றது. விசாரணை அலுவலர் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பெயரைச் சுற்றி ஒரு கோடு இல்லை, ஒரு வீடு இல்லை, சந்துகூட இல்லை. இத்தனை வருடம் வரைபடம் பார்த்த கண்ணுக்கு அது உறைத்திருக்க வேண்டும். நீரேற்று நிலையத்துத் திறந்தவெளி என்று நினைத்துக்கொண்டேன். அல்லது எதையும் நினைக்கவில்லை. எங்கள் பிரிவின்மேல் தப்பில்லை என்று ஆனதில் எனக்கு வந்த நிம்மதிதான் நன்றாக நினைவிருக்கிறது. வெட்கத்துடன் இதை எழுதுகிறேன்.

10. 15ஆம் தேதி, ஆறாம் நிலையத்தில் சேதமான தாளுக்குப் பதில் புதுத் தாள் மாட்டி வரும்படி எனக்கு உத்தரவு வந்தது. போனேன். ஏணி வரும்வரை உட்காரச் சொன்னார்கள். கழற்றிய பழைய தாள் சாட்சியாக அனுப்புவதற்கு மேசைமேல் விரித்துக் கிடந்தது. ஈ-7-இல் நீல நிறப் பேனாவால் பழைய சுண்ணாம்புக் கிடங்குச் சந்து என்று எழுதியிருந்தது. சின்ன எழுத்து, அழுத்தமான எழுத்து. ஒரே வரியில் இடம் போதாதென்று அவரும் இரண்டு வரியாக உடைத்திருந்தார். சந்தின் கிழக்குப் பக்கம், வீடுகள் இருக்கும் பக்கம், எந்தக் கோட்டின் மேலும் படாமல் எழுதியிருந்தார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அச்சில் உள்ள பெயரின் மேலேயே எதற்கு எழுதிக் கெடுத்திருக்கிறார் என்று, அங்கிருந்தவர்களுக்குக் காட்டுவதற்காக என் கையில் இருந்த புதுத் தாளை அதன் பக்கத்தில் விரித்தேன். புதுத் தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

எப்படி அலுவலகம் திரும்பினேன் என்று தெரியவில்லை. கோப்பைத் திறந்து, திரையைச் சுருக்கிச் சுருக்கி, முழுத் தாளும் அதன் சுற்றுப்புறமும் தெரியும்படி வைத்தேன். இடது ஓரத்துக்கு வெளியே, அறுபத்துமூன்று பேர் கிளம்பிப்போன வாசலில், ஒரே ஒரு பெயர் கறுப்பாக நின்றுகொண்டிருந்தது. அழுதேன். பக்கத்து மேசைக்காரருக்குக் கண்ணில் தூசி என்று சொன்னேன்.

11. அன்றே பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. என்மேல் அக்கறை உள்ளவர், அதனால்தான் அப்படிச் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் தங்களுக்கு அதைச் சொல்லாமல் விட்டால் இம்மனு முழுமையாகாது. "கோப்புல பேரு இருக்கில்ல? இருக்குன்னுதானே எழுதிக் கொடுத்தீங்க? அது பொய் இல்லியே. விட்டுடுங்க" என்றார். அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்றும் சொன்னார். அடுத்த பதிப்பு ஒன்பது மாதம் கழித்து. நான் விட்டேன். பத்தொன்பது நாள் விட்டேன். பயம்தான் காரணம், அலங்காரமாக வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்தி, அப்பா படுத்த படுக்கை. அவருக்கு மூச்சு முட்டினால் நானும் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும் என்பது ஒரு நாள் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. இம்மனுவைப் பிரிவுத் தலைவர் வழியாக அனுப்பினால் அது அவர் மேசையிலேயே தங்கிவிடும் என்று அஞ்சி நேரில் தங்கள் அலுவலகத்தில் கொடுக்கிறேன். முறை தவறியதற்கு மன்னிக்கவும்.

12. இம்மாதம் 4ஆம் தேதி அந்தச் சந்துக்குப் போனேன். இறந்தவரின் மனைவி வீட்டில் இருந்தார். முன்னறையில் பாதி பிரித்த தையல் இயந்திரம் ஒன்று துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. நான் யார் என்று சொன்னேன், என்ன செய்தேன் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் திட்டவில்லை. அன்று சந்து முனையில் நின்றுகொண்டிருந்ததையும், எதிர்ப்பக்கம் வண்டி இரண்டு தடவை தாண்டிப் போனதையும், கையைக் காட்டியும் நிற்காததையும் சொன்னார். இந்தச் சந்து ஆட்களுக்கு இது போதும் என்று வேண்டுமென்றே போகிறான் என்று நினைத்ததாகவும், அந்தக் கோபத்திலேயே புகார் எழுதியதாகவும் சொன்னார். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார்:

"அப்ப அவரு எங்களத் தேடிக்கிட்டுத்தான் இருந்தாராம்மா?"

ஆமாம் என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகாரைத் திரும்பப் பெறுவீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "புகார நான் வாபஸ் வாங்க மாட்டேன். போன உசுரு போனதுதானே. ஆளை மட்டும் மாத்தி எழுதிக்குங்க." அதையே தம் கைப்பட எழுதியும் கொடுத்தார். அந்தக் கடிதத்தை இணைத்திருக்கிறேன். வாசல் வரை வந்து, பார்த்துப் போங்க என்று அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

13. இரண்டாவது குற்றச்சாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதற்காகத் தாளில் எழுதினாய் என்று கேட்டதற்கு ஓட்டுநர் சொன்ன பதில், விசாரணை அறிக்கையின் நான்காம் பக்கத்தில் அவர் சொன்னபடியே பதிவாகியிருக்கிறது: "அடுத்த ஷிப்டுக்கு வர்றவன் என்னை மாதிரி சுத்தக் கூடாதுன்னு எழுதினேன். வேற ஒண்ணுமில்ல சார்." அதன் கீழேயே, குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருக்கிறது. தாள் 12 மொத்தம் நாற்பது பிரதிகள் அச்சானது. ஒன்பது நிலையங்களின் சுவரில் ஒன்பது, வண்டிகளில் மடித்து வைத்தவை முப்பத்தொன்று. அந்த நாற்பதில் சரியாக இருந்தது அவர் எழுதிய ஒன்றுதான். அதை நாம் பறிமுதல் செய்து சாட்சி அலமாரியில் பூட்டிவைத்திருக்கிறோம். அது தொங்கிய ஆணியில், அதே கோப்பிலிருந்து புதிதாக அச்சிட்ட பிழையான தாளை, சுருக்கம் இல்லாமல், நானே என் கையால் மாட்டிவிட்டு வந்தேன். பெயர் விடுபட்டிருப்பதைக் கண்ணால் கண்ட பிறகு மாட்டினேன், ஐயா. உத்தரவு அதுதான் என்று மாட்டினேன். ஏணியிலிருந்து இறங்கியதும் அங்கிருந்த மற்றோர் ஓட்டுநர், நேராக இருக்கிறது மேடம் என்று பாராட்டினார்.

14. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தாங்கள் செய்து தர வேண்டும்.

(அ) ஆறாம் நிலைய ஓட்டுநர் மீதான இரு குற்றச்சாட்டுகளையும் நீக்கி, அவரை அதே நிலையத்தில் மீண்டும் பணியில் சேர்க்க வேண்டும். பதினாறு வருடப் பணியில் அவர்மேல் இதற்கு முன் ஒரு புகாரும் இல்லை என்று அதே விசாரணை அறிக்கை சொல்கிறது.

(ஆ) பார்வை 1-இல் கண்ட புகாரில் அவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரை எழுதி, விசாரணையை என்மீது நடத்த வேண்டும். 9ஆம் தேதி நான் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குமூலம் தவறானது. அதை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன்.

(இ) இனி வரும் எந்தத் தாளும், பெயர் அட்டவணையை ஒருவர் படிக்க, அச்சான தாளில் இன்னொருவர் விரலை வைத்துக் காட்டிய பிறகே வெளியே போக வேண்டும். திரையில் அல்ல, தாளில். மற்ற இருபத்தேழு தாள்களையும் நான் இப்படி ஒருவாறு பார்த்துவிட்டேன். தாள் 19-இல் ஒரு பூங்காவின் பெயர் வெளியே நிற்கிறது. அங்கே வீடுகள் இல்லை. ஆனாலும் அங்கேயும் ஆட்கள் விழுவார்கள்.

(ஈ) தாள் 12-ஐ அடுத்த பதிப்புக்குக் காத்திராமல் இந்த வாரமே மறுபடி அச்சிட வேண்டும். கோப்பைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். பெயரை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கவில்லை. விசாரணை அறிக்கையில் உள்ள புகைப்படத்தில் ஓட்டுநர் எழுதிய இடத்தை அளந்து, அதே இடத்தில், அவர் உடைத்தது போலவே இரண்டு வரியாக வைத்திருக்கிறேன்.

15. கடைசியாக ஒன்றைத் தெரிவித்துக்கொள்கிறேன். நேற்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஒன்பது நிலையங்களுக்கும் பேருந்தில் போனேன். ஒவ்வொரு சுவரிலும் தாள் 12, கட்டம் ஈ-7-இல், நீலப் பேனாவால் பழைய சுண்ணாம்புக் கிடங்குச் சந்து என்று எழுதிவிட்டு வந்தேன். யாருடைய அனுமதியும் பெறவில்லை. ஆறாம் நிலையத்தில் மட்டும் ஒருவர், ஏற்கெனவே இதற்காக ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று எச்சரித்தார். தெரியும் என்றேன். அரசுச் சொத்தைச் சிதைத்ததாக இனி விசாரிப்பதானால் ஒன்பது தாள்களுக்கும் ஆள் நான்தான். வண்டிகளில் மடித்து வைத்திருக்கும் முப்பத்தொன்றைத் தொட எனக்கு வழியில்லை. அதற்குத் தங்கள் உத்தரவு வேண்டும். 10ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டாம், ஐயா. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதும் அந்த வண்டிகள் வெளியே ஓடிக்கொண்டிருக்கின்றன.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

(கையொப்பம்)
முதுநிலை வரைபட வடிவமைப்பாளர்,
பணியாளர் எண் 417.

இடம்: வரைபடப் பிரிவு, இரண்டாம் தளம்
நாள்: இம்மாதம் 7ஆம் தேதி, பிற்பகல்

இணைப்புகள்:
1. தாள் 12-இன் கோப்பு, தாளின் வெளிப்புறமும் தெரியும்படி எடுத்த திரைப் படம்.
2. கள அளவையாளர் அனுப்பிய பதில் செய்தியின் நகல்.
3. வீட்டு எண் 9-இல் வசிக்கும் பெண்மணியின் கடிதம்.
4. பேனாவால் பெயர் எழுதிய ஒன்பது தாள்களின் புகைப்படங்கள்.